ஏழு சுற்று

காலைத் தூக்கி வையுங்க தம்பி. இரும்பு. இடறினால் நகம் பெயர்ந்துவிடும்.

கடப்பாரை இல்லை. வால்வு சாவி. ரோட்டோரம் வட்டமாக ஒரு இரும்பு மூடி பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கி, இதை உள்ளே விட்டுத் திருகினால் தெருவுக்குத் தண்ணீர் போகும். நாலடி நீளம். நகராட்சி கொடுத்த சாவி குட்டை. தினம் அதோடு குனிந்தால் இடுப்பு போய்விடும். பட்டறையில் சொல்லி இதை நானே அடித்துக்கொண்டேன்.

சேலத்தில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றான். ஆயுதமாம். கூர் எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். லக்கேஜ் போடணும் என்றான். போடு என்றேன். பின்னால் வையுங்க என்றான். பின்னால் வைத்தால் உருளும், என் காலடியில்தான் கிடக்கும் என்றேன். போய்விட்டான்.

பிடிக்கு அடியில் அந்த வெட்டுகளா? பிளேடு போட்டு அறுத்தது. நான்தான். அது அப்புறம்.

மணி என்ன? என் கையிலும் வாட்ச் இருக்கிறது. இன்றைக்கு அதை நம்ப முடியவில்லை. தொப்பூர் தாண்டியாச்சா? இன்னும் இல்லையா? என்ன வண்டி இது. பெங்களூருக்கு ஒன்றரைக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் ஏற்றினான். மூன்று மணிக்கு நான் அங்கே இருக்கணும்.

பெண் படிக்கிறாள். ஒரே பெண். தாரணி. என்ன படிப்பு என்று கேட்காதீர்கள். அதை வாயில் நுழைக்க எனக்கு ஆறு மாசம் ஆனது. நகரக் கொள்கையும் தலைமைப் பண்பும். முதுகலை, இரண்டு வருஷம். ஊரில் கேட்டால் எம்.ஏ. என்று சொல்லி முடித்துவிடுவேன். சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். கம்பெனி வேலைக்கு ஒன்றரை வருஷம் போனாள். பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு இதில் சேர்ந்தாள். ஒரு நகரம் எப்படி நடக்கிறது என்று படிக்கணுமாம்.

நான் நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் தம்பி. என்னைக் கேட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் சொல்லியிருப்பேன். கவுன்சிலர் ஏ.இ.யை, அதாவது உதவி இன்ஜினியரைத் திட்டுவான். ஏ.இ. என்னைத் திட்டுவார். நான் திறப்பேன். அவ்வளவுதான் நகரம்.

தலைமைக்கு ஒரு பாடம் இருக்கிறதாம். பரீட்சையே வைக்கிறார்கள். அதில் அவள் முதல்.

படிப்பு முடியும் முன்னாலேயே வேலையும் வந்துவிட்டது. ஒரு மாநகராட்சி. எது என்று வேண்டாம். கமிஷனர் ஆபீசில் குடிநீருக்கு ஆலோசகர். ஜூலையில் சேரணும், சர்டிபிகேட் கையில் இருந்தால். கமிஷனருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவாளாம். எங்கள் ஊரில் நான் கமிஷனர் ரூமுக்குள் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் நின்றுகொண்டே.

பெருமையா? இருக்கிறது. அதற்கு என்ன இப்போது.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்துங்க. காற்று வரட்டும். போதும், போதும்.

சனியன் எங்கே பிடித்தது என்றால், ஆய்வு. கடைசி ஆறு மாசம் ஒரு ஆய்வு எழுதிக் கொடுக்கணும். இந்தியாவில் எத்தனை ஊர் இருக்கிறது. இவள் எங்கள் ஊரை எடுத்தாள். எங்கள் ஊரில் இருபத்தேழு வார்டு இருக்கிறது. இவள் பதினொன்றாம் வார்டை எடுத்தாள். நான் ரிட்டயர் ஆகும்வரை இருபது வருஷம் தண்ணீர் திறந்த வார்டு அது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, ஏன். இதுதான் ஆய்வு. ஏம்மா, தண்ணீர் குழாயில் போகிறது, இதில் ஆய்வு என்ன என்றேன். சிரித்தாள்.

கேளுங்க. ஒரு டேங்க். அதிலிருந்து மூன்று லைன். தேர் வீதிக்கு ஒன்று, சந்தைத் தெருவுக்கு ஒன்று, குளத்துக் காலனிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. காலை ஆறு மணிக்குத் திறப்பேன், எட்டு மணிக்கு மூடுவேன். இருபது வருஷத்தில் ஒரு நாள் ஆறு பத்து ஆனதில்லை. மழை, புயல், என் வீட்டில் சாவு, எதுவானாலும் ஆறு மணி. ஒருத்தனிடம் கை நீட்டியதில்லை. எனக்கு முன்னால் இருந்த குப்புராஜ் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று வாங்குவார். நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

தேர் வீதியில் வாத்தியார் வீட்டம்மா மட்டும் ஒரு டம்ளர் கொடுக்கும். தினம் கொடுக்கும். அது டீயில் சேராது. மரியாதை.

குப்புராஜ்தான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். தேர் வீதி பதினெட்டு சுற்று. பதினெட்டு என்றால் முழுத் திறப்பு. சந்தைத் தெரு பதினாறு. காலனி ஏழு. ஏன் ஏழு என்றேன். அது மேடு என்றார். சரி என்று விட்டுவிட்டேன். வார்டுக்குப் புதிதாக வந்தவன் வேறு என்ன செய்வான்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

அதில்லை, சொல்ல விடுங்க.

டிசம்பரில் வந்தாள். கூடப் படிக்கிற ஒடிசாப் பையன் ஒருத்தனும் வந்தான். பிஸ்வஜித். நல்ல பையன். இட்லியை ஸ்பூனில் வெட்டித் தின்றான். இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். காலனியில் மட்டும் எழுபது வீடு. குழாயில் நூல் மாதிரி வருகிறது, நாலு குடம் ரொம்புவதற்குள் நின்றுவிடுகிறது என்று பெண்கள் சொன்னார்களாம். பெண்கள் சொல்வார்கள். எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் போதவில்லை என்றுதான் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். காலனிக்கு ஏன்ப்பா கம்மியா வருது?

அது மேடு என்றேன்.

கையில் சோற்றை வைத்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் கேட்டாள். “மேடுன்னா இன்னும் அதிகமாத்தானப்பா தொறக்கணும்?”

நானும் சாவியைப் பிடித்து இருபது வருஷம் ஆயிற்று. இதை யோசித்ததில்லை. ப்ரஷர் என்று ஒன்று இருக்கிறது, உனக்குப் புரியாது என்றேன். சிவில் இன்ஜினியரிடம் சொல்கிறேன்.

எத்தனை சுற்று திறந்தீங்க என்றாள். எல்லாத்துக்கும் ஒண்ணுதான், லாக் புக்கைப் போய்ப் பாரு என்றேன். எவ்வளவு திறந்தோம் என்று தினம் எழுதுகிற நோட்டு அது.

பார்த்தாள். நகராட்சியில் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் அலைந்து, இருபது வருஷ லாக் புக்கையும் பார்த்துவிட்டாள். மூன்று லைனுக்கும் ‘முழுத் திறப்பு’ என்று இருக்கிறது. தினமும். என் கையெழுத்து. சனிக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து வாரம் முழுக்கவும் சேர்த்து எழுதிவிடுவேன். எல்லா ஃபிட்டரும் அப்படித்தான். அந்தக் கட்டத்தில் ஏழு என்று எவனும் எழுத மாட்டான். எழுதினால் ஏ.இ. கையெழுத்துப் போட மாட்டார். அது பொய் இல்லை தம்பி. அது ஆபீஸ்.

வண்டி ஏன் நிற்கிறது? டோல்கேட்டா. சரி.

பொங்கலுக்கு மறுபடி வந்தாள். இந்தத் தடவை டியூப் கொண்டுவந்தாள். கொத்தனார் வைத்திருப்பானே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எது மேடு, எது பள்ளம் என்று பார்க்கலாம். பெரிய மெஷின் எல்லாம் இருக்கிறது, காலேஜில் கேட்டால் கொடுப்பார்கள். வேண்டாம், காலனிக்காரர்கள் பார்த்தால் அவர்களுக்கே புரிகிற சாமானாக இருக்கணும் என்று இதைக் கொண்டுவந்தாள். அதுதான் தலைமைப் பண்போ என்னமோ.

அப்பா, ஒரு முனையைப் பிடிங்க என்றாள்.

பிடித்தேன். ஏன் பிடிக்க மாட்டேன். மேடுதானே, பார்த்துக்கொள்ளட்டும் என்று பிடித்தேன்.

தேர் வீதி வால்விலிருந்து ஆரம்பித்தோம். நான் முனையைச் சுவரில் வைத்து நிற்பேன். அவள் அந்த முனையைக் கொண்டுபோய் அடுத்த சுவரில் வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவாள். ஒடிசாக்காரன் எழுதுவான். அப்புறம் நான் அங்கே போவேன், அவள் அடுத்ததுக்குப் போவாள். அப்படி இருபத்திரண்டு இடம். பின்னாலேயே காலனிப் பெண்கள் பாதிப் பேர் வந்தார்கள். கோடு ஒவ்வொன்றும் தரையிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. கோடு ஏறினால் தரை இறங்குகிறது என்று அர்த்தம். அது எனக்குப் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

காலனி இரண்டரை அடி பள்ளம்.

டியூபில் காற்றுக் குமிழி இருக்கும் என்றேன். மறுபடி பார்க்கலாம்ப்பா என்றாள். மறுபடி இருபத்திரண்டு இடம். இரண்டரை அடி, ஒரு அங்குலம். பின்னால் ஒரு பெண் சொன்னாள்: “கொளத்த ஒட்டி இருக்கற எடம் மேடா இருந்தா அப்பறம் கொளம் எங்கிட்டு இருக்கும்?” சிரித்தார்கள். தாரணி சிரிக்கவில்லை. டியூபைச் சுருட்டினாள். வீட்டுக்கு வந்தோம், சாப்பிட்டோம். எத்தனை சுற்று என்று அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

கேட்டிருக்கலாம்.

கிருஷ்ணகிரியா? இங்கே எதற்கு நிறுத்துகிறான்? பத்து நிமிஷமா? நான் இறங்கவில்லை. நீங்கள் போய் வாருங்க. டீ வேண்டாம்.

வந்துட்டீங்களா. எங்கே விட்டேன்?

வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவாராம். ஆய்வைப் படித்துப் பார்த்து அவர்தான் சரி சொல்லணும். போன மாசம் அவர் நாலாவது அத்தியாயத்தில் கோடு போட்டுவிட்டார். காலனி வால்வை வேண்டுமென்றே குறைத்துத் திறந்தார்கள் என்று இவள் எழுதியிருக்கிறாள். ஆதாரம் எங்கே என்கிறார். பெண்கள் சொன்னது ஆதாரமில்லையாம். பள்ளம் என்பது பள்ளத்துக்குத்தான் ஆதாரமாம். அரசாங்க லாக் புக் முழுத் திறப்பு என்கிறது. ஒன்று, திறந்த அளவுக்கு ஆவணம் கொண்டு வா. இல்லையா, அத்தியாயத்தை எடுத்துவிடு. எடுத்தால் பாஸ். எடுக்காமல் பிடிவாதம் பிடித்தால் இன்னொரு ஆறு மாசம் இருந்து திரும்ப எழுதணும். ஆறு மாசம் ஆனால் ஜூலை போச்சு. அந்த நாற்காலி போச்சு.

போனில் இதையெல்லாம் சொன்னாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. உங்க பேரு எங்கேயும் எழுதலப்பா என்றாள். பேர் எதற்கு? வார்டுக்கு ஒரே ஒரு ஃபிட்டர். ஊருக்கே தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பென்ஷன் வாங்குகிறவன். பழசைக் கிளறினால் எவன் எங்கே கை வைப்பான் என்று சொல்ல முடியாது. அதை எடுத்துத் தொலை, எதற்கு வம்பு என்றேன்.

“சரிப்பா. எடுத்துடறேன்” என்றாள்.

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் ஆகிறது. தம்பி, அவள் எனக்கு ஒரு விஷயத்தில் சரிப்பா என்று சொன்னதே கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து. வேலையை விடாதே என்றேன், விட்டாள். ஊரை எடுக்காதே என்றேன், எடுத்தாள். நான் கத்துவேன், அவள் திருப்பிக் கத்துவாள், அவள் அம்மா நடுவில் வந்து இரண்டு பேரையும் திட்டுவாள். அதுதான் எங்கள் வீடு. இந்தத் தடவை ஒரு வார்த்தை. சரிப்பா. ஜெயித்தாச்சு. அதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். என்ன தேடறீங்க என்கிறாள் வீட்டுக்காரி.

இன்றைக்கு மூன்று மணிக்கு அவள் எல்லார் முன்னாலும் நின்று பேசணும். அந்த அத்தியாயம் இல்லாமல். நான் வருவது அவளுக்குத் தெரியாது. எடுத்துவிட்டாளா என்று பார்க்கத்தான் போகிறேன்.

ஆமாம், அதற்குத்தான்.

சாவி எதற்கா? கண்டக்டரும் கேட்டான், வீட்டிலும் கேட்டாள், நீங்களும் கேட்கிறீர்கள். வீட்டில் கிடந்தால் துரு ஏறும்.

ஓசூர் வந்தாச்சா. மணி பன்னிரண்டே முக்கால். இனிமேல்தான் டிராஃபிக்.

அந்த வெட்டைக் கேட்டீர்களே, அது தாரணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு. முந்தின நாளிலிருந்தே அழுகை. ராத்திரி அழுது, விடிகாலை எழுந்தும் அழுகிறாள். நான் ஆறு மணிக்கு வால்வுக்குப் போகிறேன், அந்த அழுகை காதிலேயே இருக்கிறது. காலனி வால்வில் சாவியை விட்டேன். திருகினேன். திருகிக்கொண்டே இருந்தேன். கணக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. சாவி முட்டி நின்றபோதுதான் முழித்தேன். பதினெட்டும் திறந்துவிட்டது.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தண்ணீர் போகிற சத்தமே வேறு. மூடிக்குக் கீழே புஸ்ஸென்று ஒரு இரைச்சல். காலனிக்குள் கூச்சல் கேட்டது. குடம் போதவில்லை, அண்டா, வாளி, குழந்தை குளிப்பாட்டுகிற பேசின், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் காலனியில் மாதேஸ்வரி என்று ஒரு அம்மா. மேஸ்திரி வேலைக்குப் போகிற புருஷன். வால்வுக்கு எதிர் வீடு. ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து நேராக என்னிடம் கொண்டுவந்தது. துடைத்த சொம்பு. சுற்றிலும் தண்ணீர் சொட்டுகிறது.

“இன்னிக்கு எங்க கொழாய்லயும் நல்லா வருதுங்கண்ணா. ஒரு வாய் குடிங்க” என்றது.

இப்பத்தான் குடிச்சேன் என்றேன்.

அதற்குள் தேர் வீதியில் குழாய் காற்றுவிட ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தான். நான் குனிந்து மூடினேன். பதினொரு சுற்று. அந்த அம்மா சொம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கடைசிச் சுற்றுவரைக்கும் நின்றது.

தேர் வீதியிலிருந்து ஏ.இ.க்கு ஒன்பது போன் போயிற்று. எனக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவு. இனி கணக்கு தப்பக் கூடாது என்று அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய்ப் பிளேடு வாங்கிப் போட்ட வெட்டுதான் இது. இங்கே பிடிக்கு அடியில் எண்ணுங்க. இது தேர் வீதி, பதினெட்டு. இந்தப் பக்கம் சந்தை, பதினாறு. இது காலனி.

எண்ணுங்க. சத்தமாக.

ஏழு. பத்தொன்பது வருஷத் துரு அதற்குள் ஏறியிருக்கிறது. நேற்று அறுத்த வெட்டு இல்லை என்று எவன் பார்த்தாலும் தெரியும்.

மேடாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் அப்படிப் பாய்ந்திருக்குமா தம்பி? பள்ளம். முழுசாகத் திறந்தால் எல்லாவற்றையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மேலே வற்றும். குப்புராஜுக்குத் தெரியும். எனக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாள் ஏழு திறந்தேன். அப்புறம் பதினைந்து வருஷம் ஏழு.

நடுவில் ஒரு பத்து திறந்திருக்கலாம். பதினெட்டு வேண்டாம், பத்து. யாரும் போன் போட்டிருக்க மாட்டார்கள். தோன்றவில்லை.

அது கிடக்கட்டும்.

என்ன வேலை பார்க்கிறீர்கள்? கம்ப்யூட்டரா. இங்கிலீஷ் எழுதுவீர்கள் இல்லையா. ஒரு தாள் எடுங்க. எனக்குத் தமிழில்தான் வரும், அந்தப் பரீட்சகர் வடக்கத்தி ஆள். எழுதுங்க. நான் செங்கோடன். நகராட்சி ஃபிட்டர், ஓய்வு. பதினொன்றாம் வார்டில் இருபது வருஷம் வால்வு திறந்தது நான். காலனி வால்வு ஏழு சுற்று. தேர் வீதி பதினெட்டு. லாக் புக்கில் முழுத் திறப்பு என்று எழுதியது பொய். எழுதியவனும் நான்.

பொய் என்றே போடுங்க. வேறு சொல் தேடாதீர்கள்.

அதற்குக் கீழே, ஆதாரம் இந்தச் சாவி என்று போடுங்க. ஆவணம்தானே கேட்டார்? இது ஆவணம் ஆகுமா? உங்களுக்குத் தெரியாதா. எனக்கும் தெரியாது. மேசை மேல் வைத்துவிடுகிறேன். நாலடி இரும்பு மேசை மேல் கிடந்தால் பார்க்காமல் எப்படி இருப்பார்.

அத்தியாயத்தை எடுத்திருப்பாள். திரும்ப வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நிமிஷமா? நல்லது.

பேனாவைக் கொடுங்க. கையெழுத்து இங்கேயா? வண்டி நிற்கட்டும், ஆடுகிறது. நிற்கிறதா? ம். ஆயிற்று.

மணி என்ன? ஒன்று நாற்பதா? வெளியே பாருங்க, ஒரு வண்டி நகரவில்லை. பெங்களூர் சில்க் போர்டு இதுதானே. இறங்கி ஆட்டோ பிடிக்கிறேன். ஆட்டோக்காரனும் ஆயுதம் என்பான். சொல்லட்டும்.

அந்தச் சொம்பை எழுதினீர்களா? எழுதவில்லையே. எழுத வேண்டாம். அது லாக் புக்கில் வராது, எந்தத் தாளிலும் வராது. அதை அவளிடம் நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்பாள். கேட்கட்டும். இந்தத் தடவை இப்பத்தான் குடிச்சேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாவியை எடுத்துக் கொடுங்க தம்பி. இரண்டு கையாலும் பிடிங்க. கனம்.